பதினொரு மணிக்கு இறங்குமாம்

போன கிழமை என் மகள் கைத்தொலைபேசியில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "உம்மா, கொழும்பில இருந்து ரியாத்துக்கு நாலாயிரம் கிலோமீற்றர்தானாம். அஞ்சு மணித்தியாலத்தில போயிடலாம்" என்றாள். மருமகனுக்கு அங்கே ஒரு வேலை சரிவந்திருக்கிறது. போவதா விடுவதா என்று எங்கள் வீட்டில் ஒரு மாதமாக அதே கதை. அவள் அந்த ஐந்து மணித்தியாலத்தைச் சொன்ன விதத்தைப் பார்த்தால், மதுரங்குளியில் பஸ் ஏறி முந்தலுக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வருவது போல இருந்தது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "ஓம், அஞ்சுதான்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் விளக்க எனக்கு அலுப்பாக இருந்தது. இந்த வயதில் சமைப்பதைவிட விளக்கம் சொல்வதுதான் பெரிய வேலை. அவள் போய்விட்டாள். சொல்லாமல் விட்டதெல்லாம் தொண்டையிலேயே நிற்கிறது. உங்களிடம் சொல்லி இறக்கி வைக்கிறேன். நீங்களாவது பாதியில் எழும்பிப் போகமாட்டீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

இரண்டாயிரத்து இரண்டில் யுத்தநிறுத்தம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம். உயர்தரப் பரீட்சை என்னைக் கைவிட்டிருந்தது. வீட்டில் சும்மா இருந்தால் உடனே கலியாணம் பேசிவிடுவார்கள் என்ற பயத்தில், மதுரங்குளிச் சந்தியில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு தொலைபேசிக் கூடுகள், ஒரு போட்டோக் கொப்பி மெசின், ஒரு கணினி. வாசலில், விமான டிக்கட் போட்டுத் தரப்படும் என்று ஒரு பலகை. கடைக்காரர் ஒரு ஹாஜியார். நல்ல மனுஷன். ஆனால் கணினியைத் தொட்டால் கரண்ட் அடிக்கும் என்று கடைசிவரை நம்பினார். அதனால் டிக்கட் வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது.

போட்டோக் கொப்பி மெசினின் சூடான மணம் இன்றும் எங்காவது மூக்கில் பட்டால், கூடவே தொலைபேசி ரிசீவரின் மணமும் வந்துவிடும். வெற்றிலை, முகப்பவுடர், வியர்வை எல்லாம் கலந்த மணம் அது. ஒவ்வொரு நாளும் டெட்டோல் போட்டுத் துடைப்பேன், போகாது. சவூதி, குவைத், கட்டார் என்று பிரிந்து கிடந்த குடும்பங்கள் எல்லாம் அந்த இரண்டு ரிசீவருக்குள்தான் வாழ்ந்தன. கூட்டின் கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் கதை வெளியே கேட்கும். நான் கேட்காத மாதிரி எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். ஊரில் என்னைவிடக் குடும்ப இரகசியம் தெரிந்தவர் ஒருவரும் இருக்கவில்லை.

டிக்கட் கேட்டு வருகிறவர்கள் தூரத்தைக் கேட்கமாட்டார்கள். கிலோமீற்றர் யாருக்கு வேண்டும்? "எத்தின மணித்தியாலம் போகும்?" என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பிறகு வரும் கேள்விகளுக்கு எந்தக் கணினியிலும் பதில் இருக்கவில்லை. வானத்தில் போகும்போது லுஹர் தொழுகை எந்த ஊர்க் கணக்கில்? நோன்போடு ஏறினால் எந்த மணிக்குத் துறப்பது? கற்பிட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான பெண், "இடையில எங்கயாவது நிப்பாட்டுவாங்களா மகள்? எனக்கு அடிக்கடி இறங்கணும்" என்று கேட்டார். நான் பெரிய அனுபவசாலி போல எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். அதுவரை நான் விமானத்தைக் கண்டதெல்லாம் கட்டுநாயக்காவில் மாமாவை வழியனுப்பப் போன அன்று, அதுவும் வேலிக்கு வெளியில் நின்று.

அந்தக் காலத்தில் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் ஒரு பழக்கம் இருந்தது. சுவரில் இரண்டு மணிக்கூடு. ஒன்று இங்கத்த மணி, மற்றது அங்கத்த மணி. சவூதிக்கும் எங்களுக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். அங்கே ஆறு என்றால் இங்கே எட்டரை. அங்கிருந்து ஒருவர் எந்த மணி சொன்னாலும், கேட்கிறவர் வாய் மூடுமுன் இரண்டரையைக் கூட்டிவிடுவார். பள்ளிக்கூடம் போகாத பெண்கள்கூடத் தேங்காய் துருவிக்கொண்டே கூட்டுவார்கள். எனக்குக் கணக்கில் கிடைத்த புள்ளியை வைத்துப் பார்த்தால் அவர்கள்தான் பரீட்சைக்குப் போயிருக்க வேண்டும்.

விமான டிக்கட்டில்தான் இந்தக் கணக்கு குழம்பும். ஏறுகிற நேரத்தை ஏறுகிற ஊரின் மணியிலும், இறங்குகிற நேரத்தை இறங்குகிற ஊரின் மணியிலும் போட்டிருப்பார்கள். ஆகவே இங்கிருந்து ரியாத்துக்குப் போகிற டிக்கட்டைப் பார்த்தால் இரண்டரை மணித்தியாலப் பயணம் போலத் தெரியும். திரும்பி வருகிற டிக்கட்டில் அதே பயணம் ஏழரை மணித்தியாலமாக நீளும். வீட்டு வேலைக்குப் போக டிக்கட் எடுக்க வந்த ஒரு பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போறது கிட்டத்தான், வாறதுதான் தூரம் போல" என்றார். நான் சிரித்துக்கொண்டு திருத்திச் சொன்னேன். பிறகு பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. நான் போட்டுக் கொடுத்த டிக்கட்டில் ஏறிப் போனவர்கள் எத்தனையோ பேர் இரண்டு வருஷத்தில் வருகிறோம் என்று சொல்லி, ஆறும் ஏழும் வருஷம் கழித்துத்தான் வந்தார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருத்தி றமீஸா ராத்தா; எங்களில் அக்காவை ராத்தா என்போம், அண்ணனை நானா என்போம். மன்னாரில் முசலிப் பக்கத்து ஆட்கள். தொண்ணூறில் புலிகள் வெளியேற்ற, உடுத்த உடுப்போடு வந்து, எங்கள் ஊருக்குப் பின்னால் தென்னந்தோட்டத்தை ஒட்டிய முகாமில் இருந்தார்கள். முகாம் என்று சொன்னாலும், ஓலைக் கிடுகு தகரமாகி, தகரம் கல்லாகி, பன்னிரண்டு பதின்மூன்று வருஷத்தில் அதுவும் ஓர் ஊராகிவிட்டிருந்தது. றமீஸா ராத்தாவின் மாப்பிள்ளை இளவயதிலேயே மௌத்தாகி அவரைத் தனியாக்கிவிட்டார். பிள்ளை இல்லை. ரியாத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். முகாமில் இருந்தது அவருடைய உம்மா சுலைஹா, தம்பி நிஜாம், நிஜாமின் மனைவி பரீனா, அவர்களுடைய ஒரே மகள்.

வெள்ளிக்கிழமைகளில் றமீஸா ராத்தா கடைக்குக் கோல் எடுப்பார். சுலைஹா உம்மா அரை மணித்தியாலத்துக்கு முன்பே வந்து கதிரையில் உட்கார்ந்திருப்பார். கோல் வந்ததும் கூட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் பேசி நான் கேட்டதில்லை. மகளின் குரலைக் கேட்டுக்கொண்டு "ம்... ம்..." என்று நிற்பார். வெளியே வந்து, "எல்லாம் கதைச்சாச்சி" என்பார்.

இடைக்கிடை ரியாத்திலிருந்து ஈரடிக்கு மூவடியில் ஒரு பெட்டி வரும். சவூதிப் பெட்டியைத் திறக்கும்போது வரும் மணம் இருக்கிறதே, சவர்க்காரமும் பால்மாவும் ஏலக்காயும் அத்தரும் சேர்ந்தது, அந்த மணத்துக்கு முகாமே கூடிவிடும். ஒருமுறை அந்தப் பெட்டியில் புலிப்படம் போட்ட தடித்த கம்பளி ஒன்று வந்தது. புத்தளத்து வெயிலில் அந்தக் கம்பளியை மூடிப் படுத்தால் ஆள் அவிந்துபோவான். ஆனாலும் அது ஒரு கௌரவம். அந்தக் கம்பளி பரீனாவுக்கு வராமல் நிஜாமின் சாச்சி வீட்டுக்குப் போனதில் மதினிக்கும் மச்சிக்கும் பேச்சு நின்றது. ஒருத்தி ரியாத்தில், ஒருத்தி மதுரங்குளியில். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு கோபித்துக்கொள்ள எங்கள் பெண்களால்தான் முடியும்.

சுலைஹா உம்மாவுக்குச் சுகமில்லாமல் போனது. புத்தளம் ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்துப் பார்த்து, இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நிஜாம் ரியாத்துக்கு அறிவித்தார். றமீஸா ராத்தா வேலை செய்த வீட்டுக்காரி அழுகையைப் பார்த்தோ, அழுகையின் சத்தம் தாங்க முடியாமலோ, லீவு கொடுத்து டிக்கட்டும் எடுத்துவிட்டார். அன்று பின்னேரம் கடைக்குக் கோல் வந்தது. நிஜாம்தான் கதைத்தார். வெளியே வந்து, "நாளைக்கு ராத்தா வாறா. பதினொரு மணிக்கு இறங்குமாம்" என்றார். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. நானும் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் விடியற்காலை, சுபஹ் நேரத்தில் சுலைஹா உம்மா மௌத்தாகிவிட்டார்.

நான் கடையைத் திறக்கும்போதே நிஜாம் வாசலில் நின்றார். மன்னாரில் திரும்பிப் போய்க் குடியேறியிருந்த சொந்தக்காரர்களுக்கு அறிவிக்க வேண்டும். கண் சிவந்திருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரே வசனம்: "உம்மா மௌத்து. லுஹருக்கு அடக்கம்." மூன்றாவது கோலில்தான் எனக்கு உறைத்தது.

"நிஜாம் நானா, லுஹருக்கா? ராத்தா வாறாவே?"

"எப்பிடித் தங்கச்சி வச்சிருக்கிற? பதினொண்டுண்டா நம்மட ஒண்டரை. வெளிய வர ரெண்டரை. வந்து சேர மஹ்ரிபாகிடும். இந்த வெக்கையில மய்யித்த அந்தியாகும் மட்டும் போட ஏலாதுண்டு ஆக்கள் சொல்றாங்க."

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லுஹர் நடுப்பகல் தொழுகை, அஸர் பின்னேரம் மூன்றரை மணிவாக்கில், மஹ்ரிப் பொழுதுபட்டதும். மௌத்தானவரின் உடலை, மய்யித்தை, தாமதிக்காமல் அடக்கம் செய்வதுதான் முறை. குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்து ஆண்கள் பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போவார்கள். அங்கே தொழுகை, பிறகு மையவாடியில் அடக்கம். பெண்கள் வீட்டோடு நின்றுவிட வேண்டும். பிந்தி வருகிற மகன் என்றால் மையவாடிக்கு ஓடிப்போய் ஒரு பிடி மண்ணாவது போடலாம், கப்றடியில் நின்று துஆக் கேட்கலாம். பிந்தி வருகிற மகளுக்கு ஒன்றுமில்லை. சந்தூக்கு வாசலைத் தாண்டுமுன் வந்தால் முகம் பார்க்கலாம். தாண்டிவிட்டால் அவளுக்கு உம்மா முடிந்தது.

நான் சொன்னேன்: "நானா, கூட்டாதீங்க. டிக்கட்டில இறங்குற நேரம் எங்கட மணியிலதான் போட்டிருக்கும். பதினொண்டுண்டா இங்கத்த பதினொண்டு. மூண்டு மணிக்கு வீட்ட வந்துடுவா. அஸருக்கு வைக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். கேட்டது விளங்கியது, நம்பத்தான் முடியவில்லை. இருபது வருஷமாக ஊர் முழுவதும் கூட்டிய இரண்டரையை ஒரு கம்யூனிகேஷன் பெட்டை வந்து கூட்டாதே என்றால் யார்தான் நம்புவார்கள்? "வந்து ஆக்கள்ட்ட சொல்லுங்க" என்றார். ஹாஜியாரிடம் கேட்டேன். அவர் கடையைப் பாதி சாத்திக்கொண்டு கூடவே வந்தார்.

மௌத்து வீட்டு வாசலில் ஆண்கள் கூடியிருந்தார்கள். நடுவில் ஜித்தா நானா. ஜித்தாவில் நெடுங்காலம் சாரதியாக இருந்து திரும்பியவர். முகாமில் விமானம், விசா, அரபி, ஒட்டகம் எதைப் பற்றிய சந்தேகமாக இருந்தாலும் அவரிடம்தான் போவார்கள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, தலையை ஆட்டிச் சிரித்தார்.

"புள்ள, நீங்க எத்தின தரம் பிளேன்ல போயிருக்கீங்க?"

"போனதில்ல."

"நான் ஒம்பது தரம். சவூதியால வாற எந்த மணிக்கும் ரெண்டரையக் கூட்டணும். றமீஸா எங்க இருந்து சொன்னா? ரியாத்தில இருந்து. ரியாத்தில இருந்து சொன்னா ரியாத்து மணிதான்."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் ஒன்பது தரத்துக்கு எதிராக வேலிக்கு வெளியில் நின்று பார்த்த ஒரு தரம் எடுபடவில்லை. வீட்டுச் சுவரில் தொங்கிய இரண்டு மணிக்கூடுகளையும் கழற்றிக்கொண்டு வந்து வாசலில் வைத்தே வழக்குப் பேசினார்கள். நாலு பேர் என் பக்கம், மிச்சப் பேர் ஜித்தா நானா பக்கம். பள்ளி மௌலவி வந்தார். விரைவாக அடக்குவது நல்லது, ஆனாலும் அஸர்வரை வைப்பதில் குற்றமில்லை, மகள் அதற்குள் வருவாளா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். அதைத்தானே யாராலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் லுஹருக்கே என்று முடிவாயிற்று. என் தொல்லை தாங்காமல் ஒரு வான் வண்டியை மட்டும் கட்டுநாயக்காவுக்கு அனுப்பினார்கள். அதுவும் இந்த வழக்கு முடிந்து, பத்து மணிக்குத்தான் வெளிக்கிட்டது.

என் கணக்கு ஒருவாறு வென்றதாக நினைக்கிறீர்களா? இல்லை. நான் தோற்றுப்போய்ப் பெண்களோடு உள்ளே போய்க் குந்திவிட்டேன். பசி வேறு. மௌத்து வீட்டில் பசிக்கிறது என்று சொல்லவும் வெட்கம். யாரோ பிளேன்டீயும் பாணும் தந்தார்கள்.

லுஹர் பாங்கு சொல்லிச் சற்று நேரத்தில் ஆண்கள் சந்தூக்கைத் தூக்க வந்தார்கள். குளிப்பாட்டிக் கபனிட்டாகிவிட்டது. சாம்பிராணிப் புகை. அப்போதுதான் பரீனா எழும்பினார். காலையிலிருந்து மாமியின் தலைமாட்டில் இருந்த பெண். நேரே போய் வாசற்படியில், குறுக்கே உட்கார்ந்துகொண்டார்.

நிஜாம், "என்ன பரீனா இது? எழும்புங்க" என்றார்.

"மதினி வராம மாமிய எடுக்க ஏலாது."

"வர மஹ்ரிபாகும்."

"ஆகட்டும்."

"உங்களுக்கும் ராத்தாவுக்கும் கதையே இல்லியே!"

"கதை இல்லதான். அதுக்கு?" பரீனாவின் குரல் உயர்ந்தது. "ஆம்புளப் புள்ளையெண்டா நீங்க நிப்பீங்க. போன வருஷம் பக்கத்து வீட்டு மௌத்துக்கு, குவைத்துல இருந்து மகன் வாறாண்டு அஸர் வரைக்கும் நிண்டீங்கதானே? மதினி பொம்புள. அவ மையவாடிக்கி வர ஏலாது. இந்தப் படியோட அவக்கு எல்லாம் முடிஞ்சி. என்ன மிதிச்சிட்டுக் கொண்டு போங்க."

ஜித்தா நானா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து எழும்பி வந்து பரீனாவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். நானாவின் வாய் அத்தோடு மூடியது. பிறகு இன்னும் இரண்டு பெண்கள். நானும் போய் உட்கார்ந்தேன். படியில் இடமில்லை, மண்ணில்தான். மௌலவி எங்களைப் பார்த்துவிட்டு, "சரி, அஸருக்கு வைப்பம். அதுக்குப் பிறகு வைக்கச் சொல்லாதீங்க" என்றார். நிஜாம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றியது. தம்பியாக இருந்தாலும் ஆண் என்பதால் தானாகச் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு காத்திருந்தோம். காத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் செய்கிற வேலை அது. ஆண்கள் தென்னைகளின் நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து நின்றார்கள். உப்பளத்தில் அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், கடையைச் சாத்திவிட்டு வந்தவர்கள். மன்னாரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்த சொந்தங்கள். ஒருவரும் போகவில்லை. முணுமுணுத்தார்கள். ஜித்தா நானா திட்டினார். ஆனாலும் போகவில்லை. வான் சாரதிக்குக் கோல் எடுத்தால் லைன் கிடைக்கவில்லை. உள்ளே ஒரு பெண் யாசீன் ஓதி முடிக்க அடுத்தவர் தொடங்கினார். எனக்குக் கால் மரத்துப்போயிற்று.

அஸர் பாங்கு சொன்னார்கள். ஆண்கள் தொழுதுவிட்டுத் திரும்பி வந்தார்கள். மௌலவி பரீனாவைப் பார்த்தார். பரீனா நிலத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது, நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. வானின் சத்தம் கேட்டதும் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

றமீஸா ராத்தா இறங்கினார். கறுப்பு அபாயா, கையில் ஒரு சின்னப் பை. சவூதியிலிருந்து பெட்டி இல்லாமல் ஒருவர் வந்து இறங்கியதை அன்றுதான் கண்டேன். பதினொரு மணிக்கே இறங்கி, வான் வரும்வரை வெளியில் குந்தியிருந்தாராம். சாரதி வழியில் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அதனால் அழுதுகொண்டு ஓடிவரவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்ன இத்தின பேர்... எனக்காகவா நிண்டீங்க?"

பரீனா படியை விட்டு எழும்பிச் சுவரோடு ஒதுங்கினார். ராத்தா உள்ளே போய் உம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். கண்ணீர் மய்யித்தில் பட்டுவிடக் கூடாது என்று யாரோ சொல்ல, தலைத்துணியின் நுனியை எடுத்துத் தன் கண்களைப் பொத்திக்கொண்டார். பிறகு விலக்கிப் பார்த்தார். பொத்தினார், பார்த்தார்.

"எப்ப?" என்று கேட்டார்.

"சுபஹுக்கு."

விரலால் எதையோ எண்ணினார். "அப்ப அங்க ரெண்டர மூண்டு. நான் எயார்போட்டில பிஸ்கட் தின்னுக்கொண்டிருந்தன்" என்றார். அதைச் சொல்லித்தான் அழத் தொடங்கினார்.

சந்தூக்கு வெளியே போனது. ராத்தா படிவரை வந்து நின்றார். ஆண்கள் கலிமாச் சொல்லிக்கொண்டு தோள் மாற்றி மாற்றித் தூக்கிப் போனது பெரிய றோட்டின் திருப்பம்வரை தெரிந்தது. ஜித்தா நானாவும் தோள் கொடுத்துப் போனார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்தத் திருப்பத்தோடு போய்விட்டது.

இதற்குப் பிறகு மதினியும் மச்சியும் கட்டிப்பிடித்து ஒற்றுமையாகிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நாற்பதாம் நாள் கத்தத்துக்கு எந்தச் சட்டியில் ஆக்குவது என்பதிலேயே இருவருக்கும் மறுபடி பிடித்துக்கொண்டது. ராத்தா லீவு முடிந்து ரியாத்துக்குப் போகும்போது பரீனா வானடிக்கு வரவில்லை. ஆனால் வழிக்கென்று கருவாட்டுச் சம்பல் செய்து மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அதை அங்கே கொண்டுபோக விட்டார்களோ என்னவோ, நான் கேட்கவில்லை.

ஒவ்வொன்றாய்ப் போயிற்று. தொலைபேசிக் கூடுகளைக் கழற்றி வைத்த இடத்தில் றீலோட் கார்ட் விற்றோம். பிறகு அதுவும் இல்லை. ஹாஜியார் மௌத்தானதும் கடையைப் பிள்ளைகள் உடுப்புக் கடையாக்கினார்கள். எனக்குக் கலியாணம் நடந்தது, பயந்தபடியே. முகாம் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக முசலிக்குத் திரும்பினார்கள். ஒரு குடும்பம் போகும்போது கதவு ஜன்னலைக் கழற்றிக்கொண்டு போகும், அடுத்த குடும்பம் கூரையையும் கொண்டு போகும். நிஜாமும் பரீனாவும் போனார்கள். சுலைஹா உம்மா மட்டும் எங்கள் மையவாடியில். அந்த இடத்தைத் தாண்டும்போது பஸ்ஸில் இருந்தபடி ஸலாம் சொல்வதோடு சரி, என்னாலும் வேறொன்றும் முடிவதில்லை.

றமீஸா ராத்தா இன்னும் ரியாத்தில்தான். வேறு வீடு. முழங்கால் நோகிறதாம். எப்போதாவது எனக்குக் கோல் எடுப்பார். எனக்கும் முழங்கால் என்பதால் கதைக்க விஷயம் இருக்கும். போன வருஷம் நிஜாம் நானா திடீரென்று மௌத்தானார், முசலியில். எனக்குச் செய்தி வந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது. ராத்தா போனாரா என்று கேட்டேன். சொன்னவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. இப்போது ரியாத்திலிருந்து விமானங்கள் அப்போதையைவிட அதிகம், றோட்டும் நல்ல றோட்டு. ஆனாலும் அவர் எத்தனை மணிக்கு இறங்குவார் என்று அந்த வாசலில் ஒருவராவது கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? சண்டை பிடிக்கக்கூட ஆளில்லை. யாரும் கெட்டவர்களாகிப் போகவில்லை. வீடியோவில் காட்டலாம்தானே என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான். பிழையான கணக்கோடு என்றாலும், ஒரு மனுஷிக்காக ஓர் ஊர் கால்கடுக்க நின்றதே, அது இப்போது இல்லை. எனக்கு அது பெரிய கவலை. மகளிடம் சொல்ல வாய் வராததும் இதுதான்.

சில நாள் கழித்து ராத்தாவே கோல் எடுத்தார்.

"முகத்தக் காட்டினாங்க தங்கச்சி. நல்ல தெளிவாத்தான் தெரிஞ்சிச்சி. மூக்குல பஞ்சி வச்சதும் தெரிஞ்சிச்சி."

"ஓம் ராத்தா."

"நிஜாமிட மகள்தான் போனப் பிடிச்சிக்கிட்டு நிண்டிச்சி. 'மாமி, பாத்துட்டீங்களா? அப்ப தூக்கச் சொல்லட்டா?' ண்டு கேட்டிச்சி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓமெண்டன். வேற என்னத்தச் சொல்ற? அடுப்புல இந்த வீட்டாக்கள்ட சோறு கிடந்திச்சி, போய் இறக்கினன்."